திங்கட்கிழமை ஓஸ் பிடிப்பது யார்? பொதுத்தோட்ட நிகழ்ச்சிகள், ஓர் ஒப்பீடு

கொங்கு நாட்டில் ‘தோட்டம்’ என்ற பட்டத்தை லேசில் கொடுத்துவிட மாட்டார்கள். கிணறு இருந்து, வாய்க்கால் பிடித்து, பாத்தியில் தண்ணீர் பாய்ந்தால்தான் தோட்டம். வானம் பார்த்த பூமி என்றால் அது காடு. எங்கள் வீதி முனையில் பொது உபயோகத்துக்கென ஒதுக்கிய எட்டு சென்ட் ரிசர்வ் சைட்டைச் சுத்தம் செய்து நாங்கள் கத்திரி நட்டபோது, எதிர்வீட்டு அப்பாரு கைத்தடியை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, “இதையப் போயித் தோட்டங்கறீங்களேப்பா” என்று சிரித்தார். ஆறு வருடம் ஓடிவிட்டது. இப்போது அவரும் தோட்டம் என்றுதான் சொல்கிறார். பேரனிடம் கேட் சாவியைக் கொடுத்து அனுப்புவதே அவர்தான்.

சில மாதங்களாக ஒரே கேள்வி பல ஊர்களிலிருந்து வருகிறது. கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஈரோட்டில் ஒரு லேஅவுட், திருப்பூரில் ஒரு லைன் வீட்டுக்காரர்கள். எல்லோருடைய கதையும் ஒன்றுதான். இடம் கிடைத்தது, வேலி போட்டாச்சு, முதல் மாதம் முப்பது பேர் வந்தார்கள், மூன்றாவது மாதம் நான்கு பேர். ‘ஏதாவது நிகழ்ச்சி வைத்தால் கூட்டம் திரும்பி வருமா? எதை வைக்கலாம்?’ என்கிறார்கள்.

நாங்கள் ஐந்து வகை வைத்துப் பார்த்திருக்கிறோம். அதில் இரண்டில் நன்றாகச் சூடுபட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே விரிக்கிறேன்.

எதை வைத்து எடை போடுவது

எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் இப்போதெல்லாம் எண்ணுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர் வந்து போன நிகழ்ச்சிக்கு மறுநாள் காலை, செடிக்குத் தண்ணீர் விட ஓஸ் பிடிக்க நான் ஒருத்தன் மட்டும் நின்றிருக்கிறேன். பதினோரு பேர் வந்த இன்னொரு நிகழ்ச்சியிலிருந்து மூன்று பேர் இன்றைக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். அதனால் என் முதல் அளவுகோல் இதுதான்: திங்கட்கிழமை யார் மிச்சம்?

அடுத்தது தண்ணீரும் பருவமும். கோவை மலை மறைவில் இருக்கும் ஊர். வருடத்துக்குச் சுமார் 600, 700 மில்லிமீட்டர் மழைதான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வந்து சேர்வது மழையைவிடக் காற்றுதான். சிறுவாணிக் குடிநீரைச் செடிக்கு விட மனசு வராது, போர்வெல் தண்ணீரோ பல இடங்களில் உப்பு. சித்திரை வெயிலில் நிகழ்ச்சி வைத்து நூறு நாற்று கொடுத்தால் நூறும் கருகும். கொடுத்தவரைத்தான் திட்டுவார்கள்.

பணம் மூன்றாவது. டீ, பந்தல், பேனர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் செலவு. மிதிபட்ட பாத்தி, காணாமல் போன களைக்கொத்து, ஏற்பாடு செய்தவர் வீட்டில் நடக்கும் சண்டை இவையெல்லாம் நோட்டில் ஏறாத செலவு. கடைசியாகச் சொன்னதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான்காவதை நாங்கள் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம்: யார் வெளியே நிற்கிறார்கள்? பெரிய மனைப்பிரிவு போடும்போது பத்து சதவீத இடத்தைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கிறார்களே, அதுதான் ரிசர்வ் சைட். சங்கம் பராமரிக்கலாம். ஆனால் இடம் ஊருக்குச் சொந்தம். வாடகைக்கு இருப்பவர், வாட்ச்மேன் குடும்பம், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பனியன் கம்பெனியில் வேலை செய்யும் வடக்கத்தித் தம்பி இவர்களெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனால், அந்த நிகழ்ச்சியில் எங்கேயோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டு வேலை

கைச்செலவு மிகக் குறைவு. காலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடித்துவிட வேண்டும். நடுவில் ஒரு டீ, ஒரு கிண்ணம் சுண்டல். எங்களுக்கு ஒரு வாரத்துக்கு முந்நூறு, நானூறு ரூபாய்க்கு மேல் ஆனதில்லை.

செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஆறு வாரம் போனால் அதே ஐந்து முகம்தான் வரும். அந்த ஐந்து பேருக்கும் வராதவர்கள் மேல் மெல்ல ஒரு கடுப்பு ஏறும். எங்கள் ஊர் அனுபவத்தில் சந்தா கட்டுகிறவர் வேலைக்கு வருவதில்லை, வேலைக்கு வருகிறவர் சந்தா கட்டுவதில்லை. இருவரையும் ஒரே தராசில் நிறுத்தினால் இருவருமே போய்விடுவார்கள். நாங்கள் நோட்டில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுத ஆரம்பித்த பிறகுதான் பேச்சு அடங்கியது.

இன்னொன்று, ‘வாங்க, வேலை செய்யலாம்’ என்று பொதுவாகக் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள். வந்தவருக்கும் எங்கே கை வைப்பதென்று தெரியாது. முந்தின நாள் இரவே, ‘தக்காளிக்குக் குச்சி நட நாலு பேர், மூடாக்கு போட மூணு பேர், எரு சுமக்க ரெண்டு பேர்’ என்று எழுதிப் போட்டால் வருகிறார்கள். செடியடியில் மூடாக்காகப் போடும் சருகைக் கையால் அள்ளும் முன் குச்சியால் ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். சருகுக்கு அடியில் கண்ணாடி விரியன் படுத்திருந்தால் கண்ணுக்கே தெரியாது.

தோட்டம் தொடங்கிய முதல் வருடத்துக்கு இதைவிட நல்லது வேறில்லை. ஆடிக்காற்று செடிகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகும், ஐப்பசி மழைக்கு முன்னால் வடிகால் பிடிக்கவும் இதுதான் தேவை. ஏற்கெனவே ஆட்கள் சலித்துப்போன இடத்தில் இதை வைக்காதீர்கள். சலித்தவனுக்கு மம்பட்டியைக் காட்டினால் மூட்டைதான் கட்டுவான்.

விதை, நாற்றுப் பரிமாற்றம்

நான் பட்சபாதக்காரன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அதனால் ஆனிக் கடைசி ஞாயிறு அல்லது ஆடிப்பெருக்குக்கு முந்தின ஞாயிறு சரியாக இருக்கும். பெருக்கு அன்றைக்கே வைத்தால் பாதிப் பேர் கொடுமுடிக்கும் பவானி கூடுதுறைக்கும் போய்விடுவார்கள்.

முதல் முறை வேப்பமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் மேசை போட்டு, பழைய நியூஸ் பேப்பரில் ஒட்டிய பொட்டலங்களோடு உட்கார்ந்திருந்தோம். பத்து மணிவரை வந்தவர்களெல்லாம் கடையில் வாங்கிய விதைப் பாக்கெட்டையே கொண்டுவந்து, இன்னொரு கடைப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றியது. அப்போதுதான் பின்வீதியில் வாடகைக்கு இருக்கும் ஒரு வீட்டின் அமுச்சி, அதாவது பாட்டி, வந்தார். ஆறு மாதமாக வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர், உள்ளே வந்ததே இல்லை. இடுப்பில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். மூடியைத் திறந்து சாய்த்தார். சாம்பலோடு சேர்ந்து பழுப்பு நிறத்தில் அவரை விதைகள் மேசையில் உருண்டன, ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெள்ளையாக ஒரு கோடு. “எங்கம்மா ஊட்டு வெதைங்க சாமி, காங்கயத்துப் பக்கம். பந்தல் போட்டுட்டா மார்கழிப் பனிக்குக் கொத்துக் கொத்தா நிக்கும்” என்றார். பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். ஒன்றும் வேண்டாம், ஓரமாக ஒரு பந்தல் போட இடம் வேண்டும் என்றார். அந்தப் பந்தல் இப்போது தோட்டத்தின் நடுவிலேயே இருக்கிறது. திங்கட்கிழமைக் காலையில் எனக்கு முன்னால் வந்துவிடும் ஆளும் அவர்தான்.

சரி, இதன் ஒளிந்த செலவுக்கு வருவோம். கெட்ட விதை. இரண்டாம் வருடம் யாரோ கொடுத்த சுரை அமோகமாகப் படர்ந்தது. முதல் காயைப் பொரியல் செய்து வாயில் வைத்தவர் அப்படியே துப்பினார். கசப்பு. இது வெறும் ருசிப் பிரச்சினை இல்லை. கசக்கும் சுரைக்காயைச் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு, சிலருக்கு ரத்த வாந்திவரை கொண்டுபோய்விடும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நடந்தது என்னவென்றால், அக்கம்பக்கத்தில் கசக்கும் காட்டுச் சுரையான பேய்ச்சுரை ஏதாவது இருந்தால் தேனீ அந்த மகரந்தத்தையும் கொண்டுவந்து சேர்த்துவிடும். அந்த வருடக் காய் இனிப்பாகவே இருக்கும். அதன் விதையில் முளைக்கும் அடுத்த கொடியில்தான் கசப்பு வெளியே வரும். கொடுத்தவர் மேல் குற்றமே இல்லை, அவர் வீட்டுக் காய் நன்றாகத்தான் இருந்தது.

அதன் பிறகு எங்கள் மேசைக்கு ஒரு சட்டம் போட்டோம். அவரை, பொரியல் தட்டை, கொத்தவரை, தக்காளி இவை பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறுபவை. இவற்றை யாரும் கொடுக்கலாம், யாரும் வாங்கலாம். கத்திரி, மிளகாய், வெண்டை கொஞ்சம் கலக்கும், தெரிந்தே வாங்கிக்கொள்ள வேண்டும். சுரை, பீர்க்கு, அரசாணிக்காய் (பூசணி) வகையறா என்றால், பெண் பூவைக் கட்டிவைத்துக் கையால் மகரந்தம் தொட்டு எடுத்த விதை மட்டும். வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகத்தில் எடுத்த விதைக்கு மேசையில் இடம் கிடையாது, அது தாயைப் போல வராது. சமைக்கும் முன் சுரையில் ஒரு துளி நறுக்கி நாக்கில் வைத்துப் பார்ப்பதையும் சொல்லிக் கொடுக்கிறோம். கசந்தால் காய் குப்பைக்கு, கொடியும் வேரோடு வெளியே.

ஒரு வாரம் முன்னாலேயே பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி முளைப்பு பார்த்துவிடுங்கள். ஏழு விதையாவது முளைத்தால் பொட்டலம் போடலாம். நம் கோயில் முளைப்பாலிகை எல்லாம் அந்தக் காலத்து முளைப்புச் சோதனைதான் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு.

‘இப்படி விதை கொடுப்பது சட்டப்படி சரியா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2001 உழவர் தன் விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் இடம் கொடுக்கிறது. பிராண்டு பேர் போட்டு விற்கத்தான் கூடாது.

நாற்றும் கொடுப்பதாக இருந்தால் வேலை இரண்டு மடங்கு. கத்திரி, தக்காளி, மிளகாய் நாற்றுக்கு 25 முதல் 35 நாள் வேண்டும். குழித்தட்டு, பொள்ளாச்சியிலிருந்து வரும் தென்னைநார்க் கழிவு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. ஆனால் அந்த ஒரு மாதமும் இரண்டு வேளை பூவாளியோடு ஒருவர் நிற்க வேண்டுமே, அதற்கு யார் விலை போடுவது? ஆள் இல்லையென்றால் விதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தோட்டம் ஒரு வருடமாவது ஓடியிருந்தால்தான் இதில் ருசி இருக்கும். கையில் சொந்த விதை ஒன்றுமில்லாமல் பரிமாற்றம் வைப்பது மொய் எழுதாமல் பந்தியில் உட்காருவது மாதிரி.

பயிற்சி வகுப்பு

வகுப்பு என்றதும் பஞ்சகவ்யா என்ற பயிர் ஊட்டக் கரைசல்தான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. அதை இன்றைய வடிவத்தில் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த டாக்டர் நடராஜன் கொடுமுடிக்காரர், நம் பக்கத்து மனிதர். பெருமைதான். ஆனாலும் வீதி நடுவில் இருக்கும் தோட்டத்துக்கு முதல் வகுப்பாக அதை நான் சொல்ல மாட்டேன். சாணம், கோமியம், பால், தயிர், நெய், வெல்லம், இளநீர், வாழைப்பழம் என்று பட்டியல் நீளம். தயாராகச் சில வாரம் ஆகும், தினமும் கலக்கிவிட வேண்டும். தெளிக்கும்போது பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லிதான் தேவை என்பதால், எட்டு சென்டுக்கு ஒரு டிரம் தயாரித்தால் பாதிக்கு மேல் வீணாகும். வகுப்புக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். டிரம் மட்டும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கீழே இருக்கும். எங்களுக்கு நான்காம் நாளே புகார் வந்தது.

மக்கு உரம் வகுப்பு அப்படி இல்லை. சருகு சும்மா கிடைக்கிறது, காய்கறிக் கழிவு எல்லா வீட்டிலும் இருக்கிறது. காய்ந்தது இரண்டு மூன்று பங்கு, பச்சை ஒரு பங்கு, மூன்றடிக்கு மூன்றடி, உயரமும் மூன்றடி. அதைவிடச் சின்னக் குவியலில் சூடு பிடிக்காது. ஈரம், பிழிந்த துணி மாதிரி. எங்கள் வகுப்பில் ஒரே ஒரு செய்முறைதான் உண்டு: முந்தின வாரம் போட்ட குவியலின் நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவி, பையன்களிடம் தொட்டுப் பார்க்கச் சொல்வது. “ஐயோ, சுடுதுங்ணா!” என்று ஒருவன் கையை உதறுவான். அதற்குப் பிறகு பாடம் எடுக்கவே வேண்டாம். மறுநாள் அவன் வீட்டுக் கழிவு வாளி தானாக வந்து நிற்கும்.

பேச்சாளர் வைப்பதில் ஒரு சிக்கல். வெளியிலிருந்து ஒருவரை அழைத்தால் போக்குவரத்து, சால்வை, மைக், நாற்காலி வாடகை எல்லாம் சேர்த்து மூவாயிரம் தாண்டும். அவர் பேசும் இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் ரசாயன உரத்தைத் திட்டுவதில் போகும். நம் செடிக்கு இலை ஏன் சுருளுகிறது என்பதற்கு நேரம் இருக்காது. இரண்டு மூன்று பேருக்குத்தான் ஆர்வம் என்றால், அவர்களை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கட்டணப் பயிற்சிக்கு அனுப்பிவிடுவது மலிவு. காளான் வளர்ப்புப் பயிற்சியெல்லாம் அங்கே நெடுங்காலமாக நடந்து வருகிறது. போய் வந்தவர் மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

அப்புறம், பேச்சாளர் என்றால் பட்டம் வாங்கியவர்தான் என்று இல்லை. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் நூறு வயதைத் தாண்டியும் தோட்டத்தில் இறங்கி வேலை செய்த பாப்பம்மாளுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். 2024 செப்டம்பரில் மறைந்தார். அந்த விருது வரும்வரை எத்தனை சங்கங்கள் அவரைக் கூப்பிட்டுப் பேச வைத்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம். உங்கள் பின்வீதியிலும் ஓர் அமுச்சி இருப்பார், விசாரியுங்கள்.

பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தாலோ, குப்பை எடுப்பதில் வீதிக்கே தகராறு இருந்தாலோ வகுப்புதான் முதல் தேர்வு. மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம், குவியல் நனைந்து நாறி உங்கள் பாடத்தைக் கெடுத்துவிடும்.

அறுவடைச் சந்தை

ஆசை எல்லோருக்கும் வரும். விளைந்ததை விற்றால் தோட்டம் தன் காலில் நிற்கும் என்ற கணக்கு. எங்கள் எட்டு சென்டில், பாதை, தண்ணீர்த் தொட்டி, குவியல் போக மிச்ச இடத்தில், நல்ல வாரம் என்றால் 20 கிலோ காய் வரும். அதை விற்க ஒரு மேசை, தராசு, சில்லறை, இரண்டு ஆள், மூன்று மணி நேரம். எண்ணூறு ரூபாய்க்கு மேல் பார்த்ததில்லை.

நமக்கு எதிரில் நிற்பது யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1999இல் உழவர் சந்தைகள் வந்ததிலிருந்து கோவையில் ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர் என்று விடியற்காலையிலேயே வயலிலிருந்து வந்த காய் கிடைக்கிறது. நம் தக்காளி நன்றாகக் காய்க்கும் காலத்தில்தான் கிணத்துக்கடவுப் பக்கமும் தக்காளி குவிந்து விலை தரை தட்டும். ரோட்டோரம் கூறு கட்டி விற்பவரிடம் விலையில் போட்டியிட முடியாது, போட்டியிடவும் கூடாது, அது அவருடைய பிழைப்பு.

இதைவிடப் பெரிய ஒளிந்த செலவு, காய்க்கு விலை வந்ததும் ‘நான் தண்ணி விட்டேன், அவங்க ஏன் ரெண்டு கிலோ எடுத்தாங்க’ என்ற கணக்கு வந்துவிடும். அதுவரை வேலைக்கு வந்தவர்கள் ஒரு பிடி கீரை பறித்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். சந்தை தொடங்கிய மூன்றாம் வாரம் அந்தப் பிடிக்கீரையே வழக்காகிவிட்டது. நாங்கள் நிறுத்திவிட்டோம். சூடுபட்ட முதல் நிகழ்ச்சி இது.

விற்றே ஆக வேண்டும் என்றால் கடையில் கிடைக்காததை வையுங்கள்: பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, முருங்கைப்பூ, வாழைப்பூ, கறிவேப்பிலைக் கன்று. இருபது சென்டுக்கு மேல் இடமும் கிணறும் இருந்தால் கணக்கு மாறலாம். அப்போதும் பணம் வாங்கும் ஆளும் பாத்தி பார்க்கும் ஆளும் வேறு வேறாக இருக்கட்டும்.

நோம்பி

நோம்பி என்றால் எங்கள் பக்கம் திருவிழா. தோட்டத்தில் பொங்கல் வைத்து, அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போட்டு, கும்மி அடித்தால் கூட்டம் வருமா? வரும். இடம் கொள்ளாமல் வரும். சூடுபட்ட இரண்டாவது நிகழ்ச்சி இதுதான்.

இப்போது கொங்குப் பக்கம் வீதிக்கு வீதி வள்ளி கும்மி கற்றுக்கொள்கிறார்கள். அந்தக் கலையை ஆயுள் முழுக்கச் சொல்லிக் கொடுத்த பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு ஆர்வம் இன்னும் ஏறியிருக்கிறது. எங்கள் வீதியிலும் நாற்பது பெண்கள் ஒரே நிறச் சேலையில் தயாராக இருந்தார்கள். தோட்ட நடுவில் வட்டம் போட முப்பதடி விட்டம் ஒதுக்கியிருந்தோம். பாட்டு வேகம் பிடிக்கப் பிடிக்க வட்டம் விரிந்தது. மூன்றாவது பாட்டில் வெளிவட்டம் தண்டுக்கீரைப் பாத்திக்குள் இறங்கிவிட்டது. யாரை நிறுத்துவது? எனக்கே கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் கீரைப் பாத்தி களத்து மேடு மாதிரி இறுகிக் கிடந்தது. கடப்பாரை போட்டுத்தான் பிளந்தோம். மழைக்குப் பதம் வந்த மண்ணை அப்படி மிதித்தால் ஒரு பட்டமே போச்சு.

செலவு பதினெட்டாயிரம் ஆனது. நன்கொடைதான். நன்கொடை என்றதும் பேனரில் யார் பேர் முதலில் என்ற கதையும் கூடவே வந்தது. ஒரு வீதியின் பூசையாக அது தோற்றம் காட்டியதால் அடுத்த வீதிக்காரர்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். மைக்குக்கு அனுமதி வாங்க வேண்டும், இரவு பத்து மணிக்கு நிறுத்திவிட வேண்டும், அதைச் சொல்லப் போனவர் கெட்டவரானார். திங்கட்கிழமை மிச்சம்: நான், கடப்பாரை, ஒரு மூட்டை பாக்குமட்டைத் தட்டு.

அடுத்த வருடம் சின்னதாக மாற்றினோம். பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டு வாசலில் கொத்துக் கட்டும் காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றும் வேண்டும். நகரத்தில் ரோட்டோரம் கொத்து விற்கிறார்கள், வாங்கித்தான் கட்டுகிறோம். நாங்கள் வேலி ஓரமாக ஆவாரையை வளர்த்தோம். வறட்சிக்குத் தாங்கும் செடி, வேர் பிடித்த பிறகு தண்ணீரே கேட்கவில்லை. பூளை ஒரு மூலையில் தானாக முளைத்தது, பிடுங்காமல் விட்டோம், அவ்வளவுதான். அன்றைக்குக் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை யார் வந்தாலும் அவரே பறித்து, அவரே கொத்துக் கட்டிக்கொண்டு போகலாம். வாடகை வீட்டுக்காரர், வாட்ச்மேன் குடும்பம், எந்த வீதி என்று யாரும் கேட்கவில்லை. காணும் பொங்கல் அன்று சின்னப் பெண் பிள்ளைகள் பூப்பறிக்கிற நோம்பிக்கு வருகிறார்கள், அவர்களுக்கு வேலி முழுக்க மஞ்சளாக நிற்கிறது. செலவு, டீ மட்டும்.

பெரிய நோம்பி வைப்பதற்கும் ஒரு நேரம் உண்டு. தோட்டத்துக்கு எதிர்ப்பு இருக்கும்போது, ‘அங்கே கார் நிறுத்த இடம் விடுங்கள்’ என்று வீதியில் பாதிப் பேர் சொல்லும்போது, ஒரு முறை எல்லோரையும் உட்காரவைத்துச் சோறு போடுவது வேலை செய்யும். ஆனால் பந்தலும் கும்மியும் ரோட்டில் இருக்கட்டும், தோட்டத்துக்கு அன்று பூட்டு.

ஒரே பார்வையில்

| நிகழ்ச்சி | ஏற்ற காலம் | எங்களுக்கு ஆன கைச்செலவு | ஒளிந்த செலவு | திங்கட்கிழமை மிச்சம் |
|---|---|---|---|---|
| கூட்டு வேலை | புரட்டாசி, ஆடிக்காற்று ஓய்ந்த பிறகு | 300–400 ரூபாய் | வராதவர் மேல் கடுப்பு | இரண்டு மூன்று பேர், அதே முகங்கள் |
| விதைப் பரிமாற்றம் | ஆனிக் கடைசி, ஆடி முதல் வாரங்கள் | 500 ரூபாய், நாற்றோடு 2,000 | கலந்த விதை, நாற்றுக்கு ஒரு மாதக் காவல் | புதிதாக இரண்டு மூன்று பேர் |
| மக்கு உரம் வகுப்பு | மாசி முதல் ஆனி வரை | 200 ரூபாய், பேச்சாளர் என்றால் 3,000 | வாடை, புகார் | பிள்ளைகள், கழிவு வாளிகள் |
| அறுவடைச் சந்தை | தை, மாசி | வரவு 800 ரூபாய் | பங்குச் சண்டை | இருந்தவரும் குறைவார் |
| பெரிய நோம்பி | தை | 18,000 ரூபாய் | மிதிபட்ட மண், பேனர் அரசியல் | கடப்பாரை |
| காப்புக்கட்டு | பொங்கலுக்கு முந்தின நாள் | டீ | ஒன்றும் தெரியவில்லை | அடுத்த வருடமும் வருபவர்கள் |

எழுதிக் கேட்ட மூவருக்கும்

கோவை அடுக்குமாடிக்காரர்களுக்கு: உங்களிடம் பணம் இருக்கிறது, நேரம் இல்லை. கூட்டு வேலை உங்களுக்கு ஒத்துவராது, இரண்டாம் வாரமே ஆள் வைத்துச் செய்யச் சொல்லிவிடுவார்கள். தோட்டக்காரருக்குச் சம்பளம் போட்டுவிடுங்கள், தப்பில்லை. ஆடியில் விதைப் பரிமாற்றம், வெளி கேட்டைத் திறந்து வைத்து. வீட்டு வேலைக்கு வருபவர்களையும் அழைத்தால் உங்கள் மேசைக்கு நல்ல விதை வரும். நம்பிக் கேளுங்கள்.

ஈரோட்டு லேஅவுட்டுக்கு: இருபது சென்ட், பழைய கிணறு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். முதலில் வகுப்பு, குவியலும் கம்பியும். அடுத்த ஆடிக்கு விதை. சந்தையை இரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள். கிணற்றுக்கு மூடி போடாமல் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள்.

திருப்பூர் லைன் வீட்டுக்காரர்களுக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு காலை துணி துவைப்பதும் கறி வாங்குவதும்தான். காலை ஆறரைக்குக் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள், வராததை வைத்து அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஞாயிறு மாலை நான்கரைக்கு வையுங்கள். இடம் இரண்டு சென்ட்தான் என்பதால் விதைப் பொட்டலம், பழைய பெயின்ட் வாளி, ஒரு மூட்டை எரு. வீட்டு வாசலில் ஆளுக்கொரு வாளி. ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருப்பதாகச் சொன்னீர்கள், அவர்கள் எந்தக் கீரையைத் தேடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், விதை அவர்கள் பையிலேயே இருக்கலாம். ஒரே ஒரு பைப்புதான் என்றால் அதில் ஒரு ‘T’ இணைப்பு போட்டு இரண்டு ஓஸாகப் பிரித்துவிடுங்கள், இருநூறு ரூபாய் ஆகாது. ஒருவர் தண்ணீர் விடும்போது இன்னொன்று சும்மா கிடந்தால், அடுத்த வீட்டுக்காரர் எடுத்துப் பிடித்துக்கொள்வார்.